பயிற்சி ஏழு: குழாய்க் கிடங்கு

மாங்குளத்தில், பழைய நெற்களஞ்சியத்துக்குள்
ஒன்பது கதிரை, மூன்று கண்ணாடி.
எனக்கு முன்னால் போட்டவனின் வியர்வை
ரப்பர் விளிம்பில் இன்னும் ஈரம்.
ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து மாட்டினால்
வெளியில் உச்சி வெயில்,
உள்ளே எந்த நாட்டிலோ விடியற்காலை.

ஊசியிலை மரங்கள். நீல மலை.
குனிந்து பார்த்தால் எனக்குக் கால்கள் இல்லை,
இருக்கை மட்டும்.
கைகள் உண்டு, மணிக்கட்டோடு முடிபவை.
மஞ்சள் பெக்கோ உறுமும்; டீசல் மணக்காது.
முதல் நாள் நிரோசன் சத்தி எடுத்தான்.
நான் ஒரு வீட்டுச் சுவரை இடித்தேன்.
ஒருவரும் ஏசவில்லை.
பொத்தானை அழுத்த
சுவர் தானாய் எழும்பி நின்றது.
அப்படி எழும்பிய சுவரை
நான் அதற்கு முன் கண்டதில்லை.

ஏழாம் பயிற்சி குழாய்க் கிடங்கு:
நீளம் முப்பது மீட்டர், ஆழம் ஒன்றரை.
வாளிப்பல்லைப் பதித்து
இழு, மடக்கு, தூக்கு, திருப்பு, கொட்டு.
மேலேயும் மண்ணிறம், கீழேயும் மண்ணிறம்.
ஒரு வேர் இல்லை. ஒரு புற்று இல்லை.
எங்கட மண்ணுக்கு முழத்துக்கொரு குணம்,
செம்பாடு, சரளை, பிறகு
வாளி சறுக்கும் களி.
இது கேக் வெட்டுகிற மாதிரி.
"நல்லா வெட்டுறீர்" என்றார் சுகிர்தராசா சேர்,
திரையில் என் கோடு நேராய் ஓடுவதைப் பார்த்து.

மஞ்சள் நாடா தெரிந்தால் கீழே மின்கம்பி,
நீல நாடா என்றால் தண்ணீர்.
தொட்டால் சிவப்பு விளக்கு. திரும்பத் தொடங்கு.
இவ்வளவுதான் அந்த மண்ணுக்குள் வைத்திருக்கிறார்கள்.

பதினோராம் நாள்
கண்ணாடியைக் கழற்றாமலே கேட்டேன்:
"சேர், துணி வந்தால்?"

மின்விசிறிச் சத்தம்.
பக்கத்துக் கதிரையில் மதுராளினியின் கைகள்
காற்றில் அப்படியே நின்றதாம்,
நிரோசன் பிறகு சொன்னான்.
என்ன துணி என்று
ஒருவரும் கேட்கவில்லை.

"அந்தக் காட்சி இதில இல்லை" என்றார் சேர்.
கொஞ்சம் பொறுத்து, "எழுதிப் பார்க்கிறன்."
எழுதினார். கொம்பனியும் பதில் போட்டது:
பரிந்துரைக்கு நன்றி.
அடுத்த பதிப்பில் பனிக்காலம் சேர்க்கப்படும்.

அதற்குப் பிறகு என் முறை வரும்போதெல்லாம்
பன்னிரண்டாம் மீட்டரில் நிறுத்தினேன்.
வாளியைத் தூக்கவில்லை. இறக்கவில்லை.
திறப்பைத் திருப்பி இயந்திரத்தை அணைத்தேன்.
கதவு திறக்கிற பொத்தானை
இரண்டு நாள் தேடினேன்; இருந்தது.
கால் இல்லாமல் இறங்கி
கிடங்கின் ஓரத்தில் நின்றேன்.
ஒரு பறவை, ஒரே பறவை,
நாற்பது விநாடிக்கொருக்கா அதே மரத்தைச் சுற்றும்.
யாரை முதலில் கூப்பிடுவது, என்ன சொல்வது,
"மூடிப்போட்டு அங்கால வெட்டு பிள்ளை" என்று
வேலை பார்க்கிறவர் சொன்னால்
என்ன முகம் வைப்பது,
எல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்.
மதுராளினியும் நிறுத்துவாள்.
அவளுடைய இடம் இருபத்தாறாம் மீட்டர்.
ஏன் என்று நான் கேட்டதில்லை.

மூன்று நிமிடம் போனதும்
வானத்தில் எழுத்து எழும்பும்,
எங்கேயோ மொழிபெயர்த்த தமிழில்:
நீங்கள் இன்னும் இருக்கிறீர்களா?
கீழே இரண்டு பெட்டி.
ஆம். வெளியேறு.

மணிக்கட்டோடு முடிகிற கையை
'ஆம்' வரைக்கும் கொண்டுபோவேன்.
உடனே தொடமாட்டேன்.

சான்றிதழில் எழுபத்தொரு புள்ளி. சித்தி.
விபரத்தாளில் சிவப்பால்:
செயலற்ற நேரம், கழிவு பத்து.

ஆனியில், ஒட்டுசுட்டான் றோட்டில்,
உண்மையான பெக்கோ. டீசல் மணத்தது.
முதல் வாளியில் பாலை வேரும் சரளையும்.
இரண்டாவதிலும் அதுதான், ஒரு சோடாப் போத்தல் மூடியும்.
மூன்றாவதை
மெல்ல இறக்கினேன்.